ஃபாத்துமெத்தானுக்கு என்ன நிறம்

2019 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. தீமோர் தீவின் தெற்குக் கரையை ஒட்டிய ஃபாத்துமெத்தான் குடியிருப்பில் மூன்று திறந்த கிணறுகளின் நீர்மட்டம் அளக்கப்பட்டது. மூன்றிலும் தண்ணீர் இல்லை.

அளந்தவள் ரித்தா மனாஃபே. குப்பாங் நகரத்தில் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்த்து வந்தாள். இந்த முறை அவளிடம் கொடுத்திருந்தது ஏழு குடியிருப்புகள். ஆழ்துளைக் கிணறு போட அனுமதி இருந்ததோ மூன்றுக்குத்தான். எந்த மூன்றில் போடுவது என்பதை அவள் தரும் வரைபடம் சொல்ல வேண்டும். அடியில் நல்ல தண்ணீர் இருந்தால் நீலம், சந்தேகம் என்றால் மஞ்சள், தோண்டுவது வீண் என்றால் சிவப்பு. சனிக்கிழமை இந்தோனேசியாவின் சுதந்திர தினம். அதனால் வெள்ளி மாலைக்குள் அரசு அலுவலகத்துக்குப் படம் போய்ச் சேர வேண்டும். ஆறு குடியிருப்புகள் முடிந்து இரண்டு நீலம் கிடைத்திருந்தது. மூன்றாவது இடம் காலியாக இருந்தது. ஃபாத்துமெத்தான் ஏழாவது.

நாடாவின் நுனியில் ஒரு சிறு உலோகக் குண்டு. அது தண்ணீரைத் தொட்டால் மேலே கைப்பிடியில் கீச்சென்று சத்தம் வரும். பெரிய கிணற்றில் ஏழு மீட்டர் இறங்கியும் சத்தம் இல்லை. இழுத்துப் பார்த்தால் குண்டில் சேறு.

"பாத்துக்கோங்க இபு. ஒரு சொட்டு கெடையாது" என்றார் குடியிருப்பின் தலைவர் செஃப்னாட் லியுனோக்காஸ். இபு என்றால் அங்கே மேடம். கால்சட்டைக்கு மேல் நெய்த துணியைச் சுற்றிக்கொண்டு, அரசாங்க ஆட்கள் வரும்போது மட்டும் போடும் சட்டையில் நின்றிருந்தார். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரும் தலையாட்டினார்கள்.

ரித்தாவுக்கு அந்தத் தலையாட்டல் விளங்கவில்லை. மற்ற ஆறு இடங்களிலும் நாடா வெறுமனே வந்தபோது மக்கள் நாடாவோடு சண்டை போட்டார்கள். இன்னொரு தடவை விடச் சொன்னார்கள், குண்டு கெட்டுப்போயிருக்கும் என்றார்கள், பக்கத்தில் ஒரு பள்ளத்தில் காலையில்கூடத் தண்ணீர் பார்த்ததாகச் சொன்னார்கள். இங்கே, தேர்வில் பிள்ளை பாஸாகிவிட்ட முகத்தோடு நின்றார்கள்.

அடுத்து மின்தடை அளவு. அவளோடு வந்த அன்சல்முஸ் பிரியா, கேபிள் இழுத்தே தோள் சாய்ந்துபோன மனிதர். நான்கு இரும்பு முளைகளை மண்ணில் அடித்து, பேட்டரியிலிருந்து மின்சாரம் விட்டு, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பார்கள். முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, அளவு ஆழத்துக்குப் போகும். காய்ந்த பாறை நிறையத் தடுக்கும். ஈரம் தடுக்காது.

"இபு, பன்னெண்டு" என்று தூரத்திலிருந்து கத்தினார் அன்சல்முஸ். "இன்னும் தள்ளி அடிக்கிறேன். ஒம்பது! எறங்கிட்டே போகுது."

எண் சிறியதாக இருந்தால் கீழே ஈரம். ஆனால் எப்படிப்பட்ட ஈரம் என்று எந்திரம் சொல்லாது. அந்தப் பக்கத்துக் களிமண் தண்ணீரைக் குடித்துவிட்டு இறுகிக்கொள்ளும், யாருக்கும் ஒரு குவளைகூடத் தராது. கூழாங்கல்லும் மணலும் கலந்த அடுக்கு இருந்தால் அது அள்ளித் தரும். எந்திரத்துக்கு இரண்டும் ஒரே எண்தான். எது என்று தீர்மானிக்க, கிணறுகளைக் கேட்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் நின்றால் மணல். கிணறு காய்ந்திருந்தால் களிமண்.

மூன்று கிணறும் காய்ந்திருந்தன. ரித்தா குறிப்பேட்டில் 'களிமண்' என்று எழுதிவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"முளை அடிச்ச எடத்துல எல்லாம் சேறு" என்று வந்து நின்றார் அன்சல்முஸ். முழங்கால் வரை ஈரம். "மெளகாத் தோட்டத்துக்குள்ள போனேன், செருப்பு ஒட்டிக்கிச்சு. ஆகஸ்ட்டுல யாரு இப்படி மெளகாய்க்குத் தண்ணி ஊத்துறது?"

"யாராவது பாத்திரம் கழுவுன தண்ணியா இருக்கும்."

"அம்பது குடும்பம் சேந்து கழுவுனாத்தான் உண்டு."

பென்சில் கையிலேயே நின்றது.

மாலையில் செஃப்னாட்டின் வீட்டில் தங்க ஏற்பாடு. வாசலிலேயே வெற்றிலைப் பை வந்தது. பாக்கும் சுண்ணாம்பும் எடுத்துக்கொள்ளாமல் யாரும் யாரோடும் பேச முடியாது. பிறகு காப்பி. பிறகு வெல்மின்செ தெஃபா வந்து குளியலறையைக் காட்டினாள். ஐம்பது வயது இருக்கும். குடியிருப்பில் கிணற்று முறை அவள் பொறுப்பு. எந்த வீடு எப்போது இறைப்பது, எத்தனை கேன் எடுப்பது என்று சொல்வது அவள்தான்.

"தண்ணி ரெடியா இருக்கு இபு. ரெண்டு பேரும் நல்லாக் குளிங்க. மிச்சம் வைக்காதீங்க."

குளியலறையின் சிமெண்ட் தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. இருநூறு லிட்டருக்குக் குறையாது.

"ஏனா, இவ்வளவு தண்ணி ஏது?" என்றாள் ரித்தா. ஏனா என்றால் அந்த ஊரில் அம்மா.

"விருந்தாளி புழுதியோட படுத்தா எங்களுக்குக் கேவலம் இல்லையா?" என்றாள் வெல்மின்செ.

"அது சரி. ஏதுன்னு கேட்டேன்."

வெல்மின்செ தொட்டியைப் பார்த்தாள். அதில் அவ்வளவு தண்ணீர் இருப்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்ததுபோல இருந்தது. "இருக்குறதை வச்சுச் சமாளிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

ரித்தா பாதித் தண்ணீரில் குளித்தாள். இரவுச் சாப்பாடு சோளமும் பயறும் சேர்த்துக் குழைய வேகவைத்த போசெ. அதுவும் தண்ணீர் நிறையக் கேட்கும் பண்டம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்தாள். காய்ந்த ஊரில் விருந்தாளிக்காக ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆற்றிலிருந்து சுமந்து வந்திருப்பார்களோ என்று நினைத்தபோது, குளித்ததே குற்றமாகப்பட்டது.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, யாரிடமும் சொல்லாமல் பெரிய கிணற்றில் நாடாவை விட்டாள். கீச்சென்றது. அறுபத்தொரு சென்டிமீட்டர் தண்ணீர்.

மறுபடி விட்டாள். அறுபத்தொன்று.

அன்சல்முஸைக் கூட்டி வரப் போனாள். அவர் காப்பி குடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்தார். வழியில் செஃப்னாட் பிடித்துக்கொண்டு சுதந்திர தினத்துக்கு வேலிக்கு எந்த இடைவெளியில் சிவப்பும் வெள்ளையும் அடிப்பது என்று ஆலோசனை கேட்டார். திரும்பி வரும்போது ஒன்பதேகால். நாடா இறங்கியது. சத்தம் இல்லை. குண்டில் சேறு.

"நோனா, நேத்து சரியாத் தூங்குனியா?" என்றார் அன்சல்முஸ். வேலை நேரத்தில் இபு, சந்தேகம் வந்தால் நோனா, அதாவது சின்னப் பெண்.

"அறுபத்தொண்ணு பாபா. ரெண்டு தடவ பாத்தேன்."

"இப்ப இல்லையே."

"இல்ல."

இரண்டாவது கிணறு ஒன்பதரை மணிக்குக் காய்ந்திருந்தது என்று குறித்திருந்தாள். நண்பகலில் பார்த்தால் முப்பது சென்டிமீட்டர். மூன்றாவதில் பத்து மணிக்கு இருபத்திரண்டு, பதினொன்றரைக்கு ஒன்றுமில்லை. ரித்தா மூன்று கிணற்றுக்கும் நேரத்தையும் மட்டத்தையும் புள்ளி வைத்துக் கோடு போட்டாள். கோடுகள் ஏறின, இறங்கின.

"கடல் இங்கேருந்து பதினோரு கிலோமீட்டரு. ஆனா கிணத்துல அலை அடிக்குது" என்றார் அன்சல்முஸ். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ரித்தா கைபேசியில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் திறந்தாள். பொருந்தவில்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் வளைந்த குகைகள் இருந்தால் தண்ணீர் விட்டு விட்டு ஊறும் என்று படித்திருக்கிறாள். குறிப்பேட்டில் 'விட்டு விட்டு ஊறும் ஊற்று?' என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறியும் போட்டாள். அப்படி ஒன்று இருந்தால் அது தீவிலேயே முதலாவதாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. நீலமா, சிவப்பா, அல்லது படத்தில் இல்லாத ஏதோ ஒரு நிறமா என்றே சொல்ல முடியவில்லை.

இரண்டு மணி வெயிலில் தாள்களை விரிக்க நிழலான ஒரு மேசை வேண்டியிருந்தது. குடியிருப்பில் பெரிய மேசை தேவாலயத்தில் மட்டும்தான். அங்கே போனபோது வெல்மின்செ கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வேணாம் இபு. பெயிண்ட் அடிச்சிருக்கு. இன்னும் காயல."

"வாசனையே வரலியே ஏனா."

"வாசனை இல்லாத பெயிண்ட்."

அப்போது உள்ளேயிருந்து அன்சல்முஸ் எட்டிப் பார்த்தார். பின்பக்கக் கதவு வழியாகப் போய் பெஞ்சில் படுத்துத் தூங்கியிருந்தார். கன்னத்தில் பலகைத் தடம்.

"இபு, உள்ள வாங்க" என்றார். "இந்த மாவட்டத்துல இருக்குற எல்லாருக்கும் ஞானஸ்நானம் குடுக்கலாம்."

பலிபீடத்துக்குப் பின்னால், பெஞ்சுகளுக்கு அடியில், பாடகர்கள் நிற்கும் மேடை முழுக்க மஞ்சள் கேன்கள். இருபது லிட்டர் கேன்கள். மூடி இறுக்கி, மேலே நெய்த துணிகளைப் போர்த்தி வைத்திருந்தார்கள். ரித்தா எண்ணத் தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினாள்.

வெல்மின்செ பின்னாலேயே வந்து நின்றாள். முன்பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து, ரித்தாவிடம் நீட்டினாள். ரித்தா ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மென்றார்கள்.

"கிணத்துலேருந்து எறைச்சீங்க" என்றாள் ரித்தா.

"ஆமா."

"ஒவ்வொரு தடவயும் நான் அளக்கறதுக்கு முன்னால."

"திங்கக்கிழம மூணையும் காலி பண்ணிட்டோம். ஆனா அது ஊறிட்டே இருக்கு இபு, நாங்க என்ன பண்ணட்டும்? இன்னிக்கி நீ பொழுது விடிஞ்சதும் நாடாவைத் தூக்கிட்டுக் கிளம்புவேன்னு யாருக்குத் தெரியும்? வேலிக்கு பெயிண்ட் கேட்டுப் பேசிட்டு இருந்தாரே தலைவரு, அப்ப பதினாறு பொம்பளைங்க கை ஓயாம எறைச்சோம். கேன் தீந்துபோச்சு. மிச்சத்தை மெளகாய்க்கு ஊத்துனோம்." பேச்சு வேகத்தில் மரியாதை போய் 'நீ' வந்திருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"எதுக்கு ஏனா?"

"செவப்புக்குத்தான்."

ரித்தாவுக்குப் புரியவில்லை. வெல்மின்செ பொறுமையாகச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாவட்டத்திலிருந்து ஒருவர் இதே மாதிரி நாடாவோடு ஆகஸ்டில் வந்தார். வறட்சிப் படம் போடுவதாகச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஃபாத்துமெத்தான் பச்சை ஆனது. அக்டோபரில் கிணறு வறண்டபோது தண்ணீர் லாரி வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பு சிவப்பு. அங்கே பதினொரு லாரி போனது. போன வருடம் இவர்கள் இறைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சிவப்பு கிடைத்தது. ஒன்பது லாரி வந்தது.

"ஆனா இப்ப உண்மையிலேயே தண்ணி இருக்கே" என்றாள் ரித்தா.

"இப்ப இருக்கு. பட்டியலை ஆகஸ்ட்டுல போடுறாங்க, தாகம் அக்டோபர்லதான் வருது. ஆகஸ்ட்டுல வந்து பாக்குறவங்களுக்கு அக்டோபரை எப்படிக் காட்டுறது? எறைச்சாத்தான் தெரியும்." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "நாங்க பொய் சொல்லல இபு. முன்னாடியே சொன்னோம்."

ரித்தா தன் படத்தைப் பெஞ்சின் மேல் விரித்தாள். "இது லாரிக்கான படம் இல்ல ஏனா. இது போர் போடறதுக்கு. இதுல நீலமா இருந்தாத்தான் ரிக் வண்டி வரும். செவப்புன்னா இங்க தோண்டாதீங்கன்னு அர்த்தம்."

வெல்மின்செ படத்தைப் பார்த்தாள். பிறகு கேன்களைப் பார்த்தாள்.

"அப்ப நாங்க எறைச்சது..."

"எந்திரம் தண்ணி இருக்குன்னுதான் சொல்லுச்சு. கிணறு காலியா இருந்ததால நான் அதைக் களிமண்ணுன்னு எழுதிட்டேன்."

"எங்க தண்ணியை நாங்களே களிமண்ணு ஆக்கிட்டமா?"

"கிட்டத்தட்ட."

அன்சல்முஸ் சிரித்துவிட்டார். வெல்மின்செ அவரைப் பார்த்த பார்வையில் இருமலாக மாற்றிக்கொண்டார்.

நான்கு மணிக்குச் செஃப்னாட்டின் வட்டக் கூரைக் குடிலில் கூட்டம். நாற்பத்தொரு குடும்பத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். ரித்தா தன் படத்தைத் தூணில் மாட்டினாள். அதற்குப் பக்கத்தில் செஃப்னாட், போன வருடத்து வறட்சிப் படத்தை ஆணியடித்து மாட்டினார். அதை மடிப்புக் கலையாமல் பைபிளுக்குள் வைத்திருந்தார்.

"வாத்தியார் மாதிரி கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்று தன் படத்தைத் தொட்டார். "இதுல செவப்பு நல்லது."

"ஆமா பாபா."

"அதுல செவப்பு கெட்டது."

"ஆமா."

"ரெண்டும் அரசாங்கத்துப் படம்."

"வேற வேற அலுவலகம்."

"அவங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் படத்தைக் காட்டிக்குவாங்களா?"

ரித்தா யோசித்தாள். "தெரியல" என்றாள். அது உண்மை. அவள் வேலையில் சேர்ந்த ஆறு வருடத்தில் தான் போட்ட படம் மேசையைத் தாண்டி எங்கே போகிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"காட்டிக்கிட்டா? அங்க நீலம்னு பாத்துட்டு, இவங்களுக்கு எதுக்கு லாரின்னு நிறுத்திட்டா?"

"நடக்கலாம்."

"போரு எப்ப வரும்?"

"மழைக்கு முன்னாலன்னு சொல்றாங்க. உறுதியா நான் சொல்ல முடியாது. தோண்டுனாலும் தண்ணி வரும்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது."

"அப்ப எதைத்தான் சொல்ல முடியும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ரித்தா சிரிக்கவில்லை. அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செஃப்னாட் தன் பக்கத்தைச் சொன்னார். லாரி கண்ணால் பார்த்தது. ஒன்பது தடவை வந்தது, சக்கரத் தடம் இன்னும் பாதையில் இருக்கிறது. குழாய் வரும் என்று 2004-லும் சொன்னார்கள். குழாய் மட்டும் வந்தது, அதை நீளவாக்கில் அறுத்துப் பன்றிக்குத் தொட்டியாக வைத்திருக்கிறோம். செவப்பே இருக்கட்டும். நீங்கள் நேற்று எழுதியதை அப்படியே விட்டுவிடுங்கள், இபு. நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அது சுலபமான வழி. ரித்தாவின் குறிப்பேட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மூன்று கிணறும் காய்ந்ததாகத்தான் இருந்தது.

"மேல பாதி செவப்பு, கீழ பாதி நீலம்னு போட முடியாதா?" என்று ஒருவர் கேட்டார். "எங்க வீடு மேல இருக்கு, போரு கீழ போட்டுக்கலாம்." கொஞ்ச நேரம் அதையே பேசினார்கள். எல்லைக்கோடு எந்த வீட்டு வழியாகப் போக வேண்டும் என்பதில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தது. "என் பன்னிப் பட்டி நீலத்துல வேணாம்" என்றார் ஒருவர், காரணம் சொல்லாமல்.

வெல்மின்செ எழுந்தாள்.

"பாபா செஃப்னாட், லாரி ஒம்பது தடவ வந்துச்சு. சரி. ஒரு தடவைக்கு வீட்டுக்கு ஆறு கேன். ஆறு கேன் எத்தனை நாளைக்கு?"

"மூணு நாளு."

"ஒம்பது மூணு இருபத்தேழு. அக்டோபரும் நவம்பரும் சேத்தா அறுபத்தோரு நாளு. மிச்ச நாளு யாரு ஆத்துக்குப் போனது? நீயா?"

செஃப்னாட் இடுப்புத் துணியின் முடிச்சைச் சரிசெய்தார்.

"நான் போனேன். என் மருமக போனா. விடியறதுக்கு முன்னால கிளம்பி, மணல்ல குழி தோண்டி, அது ஊறுற வரைக்கும் உக்காந்து, மேல ஏறி வர்றப்ப வெயிலு. லாரி வந்தா மூணு நாளு ஓய்வு, அவ்ளோதான். எனக்கு ஓய்வு வேணாம். போகாம இருக்கணும்." ரித்தாவைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியல. கேட்ட எல்லாத்துக்கும் தெரியலன்னுதான் சொல்லுது. இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. நாளைக்கு அது அளக்கட்டும். நாங்க எறைக்க மாட்டோம்."

"இல்ல" என்றாள் ரித்தா. "எறைக்கணும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

அவளுக்கு அது சொல்லும்போதுதான் தெளிந்தது. நின்ற தண்ணீரை அளந்து என்ன பயன்? மண் எவ்வளவு வேகமாகத் தருகிறது என்று தெரிய வேண்டுமானால் கிணற்றைக் காலி செய்து, திரும்ப ஊறுவதைக் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பம்பு வேண்டும் என்று கேட்டு அலுவலகம் தரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் மூன்று நாளாக அதைத்தான் கையால் செய்துகொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழம காலி பண்ணப்புறம் திரும்ப எவ்வளவு நேரத்துல ஊறுச்சு ஏனா?"

"பெரிய கிணத்துலயா? ரெண்டு தடவ வெத்தல போட்டுத் துப்புறதுக்குள்ள கணுக்கால் அளவு. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முழங்கால் தாண்டிரும்."

"ஒரு வெத்தலைக்கு எவ்வளவு நேரம்?"

இதற்கு யாரும் ஒத்துப்போகவில்லை. "அவ மென்னா அரை மணி, நான் மென்னா கால் மணி" என்றார் செஃப்னாட், வேண்டாவெறுப்பாக.

வியாழன் காலை ஏழு மணிக்குப் பெரிய கிணற்றில் பதினாறு பெண்கள் முறை வைத்து இறைத்தார்கள். இந்தத் தடவை ஒளிக்கவில்லை. ஒவ்வொரு கேனும் நிரம்பியதும் அன்சல்முஸ் சத்தமாக எண்ணைச் சொன்னார். எண்ணும்போது நடுவில் ஒன்றை விட்டுவிட்டார் என்று பெண்கள் சண்டை பிடித்து, எல்லாக் கேன்களையும் மறுபடி எண்ண வைத்தார்கள். முப்பத்தெட்டு. எழுநூற்று அறுபது லிட்டர். பிறகு ரித்தா விளிம்பில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடாவை விட்டாள். அவளுக்குப் பக்கத்தில் வெல்மின்செ வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். கீச்சென்ற ஒவ்வொரு தடவையும், "எவ்ளோ?" என்றாள்.

"பதினொண்ணு."

"எவ்ளோ?"

"பதினாலு."

"களிமண்ணா இருந்தா?"

"மூணு நாள் உக்காந்திருக்கணும்."

மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல். மற்ற இரண்டு கிணறுகளிலும் ஏறக்குறைய அதே. அது மணல், கூழாங்கல். மேல் அடுக்கு மெலிந்தது, அக்டோபருக்குள் வடிந்துவிடும். ஆனால் மின்தடைக் கோடு கிழக்குச் சரிவில் அதே அடுக்கு முப்பது மீட்டருக்குக் கீழே தடிக்கிறது என்று காட்டியது. மிளகாய்க்கு ஊற்றிய தண்ணீர்தான் எண்ணைக் குறைத்ததோ என்று பார்க்க, அன்சல்முஸ் காய்ந்த தரையாகத் தேர்ந்தெடுத்து முளைகளை மறுபடி அடித்தார். எண்கள் கொஞ்சம் ஏறின, அவ்வளவுதான்.

ரித்தா குறிப்பேட்டில் செவ்வாய், புதன் பக்கங்களைக் கோணல் கோடு போட்டு அடித்தாள். 'விட்டு விட்டு ஊறும் ஊற்று' என்பதை அடிக்கும்போது பேனா ஒரு கணம் நின்றது.

கிளம்பும்போது செஃப்னாட் வண்டியின் ஜன்னலருகே வந்தார்.

"எழுதியாச்சா?"

"நாளைக்கு எழுதணும் பாபா."

"நீலம்தானே?"

"நீலம்தான்."

"லாரிக்காரங்ககிட்டயும் சொல்லுங்க. போரு வர்ற வரைக்குமாவது அனுப்பச் சொல்லுங்க."

"எழுதறேன். கேப்பாங்களான்னு..."

"தெரியாது" என்று அவரே முடித்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ரித்தா படத்தை ஒப்படைத்தாள். ஃபாத்துமெத்தான் நீலம். அதோடு தனித்தாளில், ஆழ்துளைக் கிணறு வேலை செய்யத் தொடங்கும்வரை அந்தக் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் தொடர வேண்டும் என்று பரிந்துரை எழுதி இணைத்தாள். வாங்கிய அலுவலர் படத்தை ஒரு கோப்பிலும் தனித்தாளை இன்னொரு கோப்பிலும் வைத்தார். லாரிப் பட்டியல் தங்கள் பொறுப்பு இல்லை, அனுப்பி வைக்கிறோம் என்றார். செப்டம்பர் கடைசியில் ரித்தா வறட்சிப் பட்டியல் போடும் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, தாள் வந்திருப்பதாகவும், நீல நிறத்தில் உள்ள குடியிருப்பை வறட்சிப் பட்டியலில் சேர்க்கப் படிவத்தில் இடமில்லை என்றும் பதில் வந்தது.

அக்டோபர் 9-ஆம் தேதி ஃபாத்துமெத்தானின் மூன்று கிணறுகளும் வறண்டன. அந்த வருடம் அங்கே லாரி வரவில்லை. நாற்பத்தொரு குடும்பமும் டிசம்பர் முதல் வாரம் வரை ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தன. ரிக் வண்டி டிசம்பர் 4-ஆம் தேதி வந்து, கிழக்குச் சரிவில் மூன்று நாள் துளையிட்டது. முப்பத்தாறு மீட்டரில் தண்ணீர் கிடைத்தது. அளந்தபோது நிமிடத்துக்கு நாற்பத்தைந்து லிட்டர்.